அம்புலிமாமா சங்கர் ஒரே படத்தைத்தான் 60 வருடம் வரைந்தாரா?

வாசகர் கேள்வி, 27 ஜனவரி 2021

பத்மஸ்ரீ பட்டியலில் அம்புலிமாமா ஓவியர் சங்கர் பெயரைப் பார்த்தேன். மறைந்தபின் வந்த விருது. சந்தோஷம்தான், ஆனால் ஒரு சந்தேகம். விக்கிரமாதித்தன், தோளில் வேதாளம், கையில் வாள், சுற்றிலும் சுடுகாடு. மாதாமாதம் இதே படம்தானே? முகங்களும் எல்லாம் ஒரே மாதிரி. கதையை வேறொருவர் எழுதுகிறார், அதில் இருப்பதை இவர் வரைந்து கொடுக்கிறார். இதைக் கலை என்று சொல்லலாமா, கைவேலை என்று சொல்வதா?

28 ஜனவரி 2021

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

நீங்கள் சொல்லும் அந்தப் படம் தொடரின் முத்திரை. பார்த்ததும் இது வேதாளக் கதை என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும், அதற்காகவே அது திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் வேதாளம் சொல்லும் கதை மாதத்துக்கு ஒன்று. வடமொழி மூலத்தில் இருப்பவை 25 கதைகள். அம்புலிமாமா அந்தச் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பல நூறு புதுக் கதைகளை உள்ளே வைத்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு அரசன், வேறு வணிகன், வேறு திருடன், வேறு வீடு, வேறு காடு. அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். நம் நினைவில் முத்திரை மட்டும் தங்கிவிட்டது.

அந்த முத்திரையே லேசான காரியமில்லை. தோளில் ஓர் ஆளைப் போட்டுக்கொண்டு நடப்பவனை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பழகாத கை, நேராக நிற்கும் ஒருவனை வரைந்து அவன்மேல் இன்னொரு உடலை ஒட்டிவிடும். உண்மையில் பாரம் ஏறியதும் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், இடுப்பு தள்ளும், கழுத்து விலகும், முன்னே வைத்த முழங்கால் மடங்கும். அதிலும் சுமப்பது பிணம். உயிருள்ளவன் தோளைப் பிடித்துக்கொள்வான். பிணம் தொங்கும். அந்தத் தொங்கலைக் குழந்தை நம்பினால்தான் பயம் வரும்.

29 ஜனவரி 2021

அவர் எங்கே கற்றார் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முழுப்பெயர் கே. சி. சிவசங்கரன். 1924-இல் காரத்தொழுவு கிராமத்தில் பிறந்தவர். அன்று அது கோயம்புத்தூர் மாவட்டம், இன்று திருப்பூர். சிறுவயதிலேயே குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது. முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் படித்தபோது ஓவிய ஆசிரியர்தான், கல்லூரிக்குப் போய் பி.ஏ. படித்து நேரத்தை வீணாக்காதே, ஓவியப் பள்ளிக்குப் போ என்று திருப்பிவிட்டார். எழும்பூரில் இருக்கும் அரசு ஓவியப் பள்ளியின் முதல்வர் அப்போது தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்களே, அதைச் செய்தவர். அந்த நாலு பேர் பாறையை நகர்த்தும்போது முதுகும் தொடையும் என்ன பாடுபடுகின்றன என்று ஒருமுறை அருகில் போய்ப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பள்ளியில் படித்தவருக்குத் தோளில் பிணத்தைச் சுமப்பவனின் உடம்பு தெரியாமல் போகாது. நேற்று நான் எழுதிய பாரம், சாய்வு எல்லாம் அங்கிருந்து வந்தவை என்றே நினைக்கிறேன்.

1946-இல் கலைமகள் பத்திரிகையில் வேலை. சம்பளம் 85 ரூபாய் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தார், 350 ரூபாய்க்கு. பத்திரிகை நின்றுபோகிறவரை அங்கேதான். அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை, ராமகிருஷ்ண விஜயம் பத்திரிகைக்கு வரைந்தார். அப்போது வயது 90-ஐ நெருங்கிவிட்டது.

30 ஜனவரி 2021

டெல்லியில் பொம்மை அருங்காட்சியகம் வைத்தவர் இவர்தானா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. அவர் கேசவ சங்கர் பிள்ளை, காயங்குளத்துக்காரர், கேலிச்சித்திரக்காரர். சங்கர்ஸ் வீக்லி நடத்தியவர், 1957-இல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டைத் தொடங்கியவர். இருவரும் குழந்தைகளுக்காக உழைத்தவர்கள், இருவரும் சங்கர். குழப்பம் வருவது இயல்பு.

6 பிப்ரவரி 2021

சங்கரின் வயது விஷயம். 97 என்று செய்திகளில் வந்தது, 96 என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பிறந்தது ஜூலை 1924, மறைந்தது 29 செப்டம்பர் 2020. 96 முடிந்து 97 நடப்பு. இரண்டு பேரும் சொன்னது சரியே.

14 பிப்ரவரி 2021

முகங்கள் ஒரே மாதிரி என்ற குறைக்கு வருகிறேன். சில நாட்களாக இதே யோசனை.

பழைய 25 கதைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணை மூன்று பேர் விரும்புகிறார்கள். அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் அவள் சாம்பலின்மேல் குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கிறான். ஒருவன் எலும்புகளைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான். மூன்றாமவன் ஊர் சுற்றி, இறந்தவர்களை எழுப்பும் மந்திரத்தோடு திரும்புகிறான். அவள் எழுந்து உட்கார்ந்ததும் மூவரும் சண்டை. இவள் யாருக்கு மனைவி என்று வேதாளம் கேட்கிறது.

இப்போது நான் இதற்குப் படம் வரைய வேண்டும். மந்திரம் கொண்டுவந்தவனைக் கொஞ்சம் அழகாக, மற்ற இருவரையும் கொஞ்சம் சோர்வாக வரைந்தால் என்ன ஆகும்? குழந்தை கதையைப் படிக்கும் முன்பே படத்தைப் பார்த்துவிடும். இவன்தான் மாப்பிள்ளை என்று முடிவு கட்டிவிடும். வேதாளத்தின் புதிர் அங்கேயே செத்துப்போகும். மூன்று பேருக்கும் சமமான முகம் கொடுத்தாக வேண்டும். கதையின் விடையும் அழகைப் பார்த்து வருவதில்லை. உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை, எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன் முறை, சாம்பலோடு படுத்துக் கிடந்தவன்தான் கணவன் என்கிறான் விக்கிரமன்.

பாத்திரத்தை அடையாளம் காட்டவும் வேண்டும், தீர்ப்பும் சொல்லக் கூடாது. தலைப்பாகை, மீசை, தோள்துண்டு, நிற்கும் விதம் இவற்றால்தான் ஆள் வேறுபடுவார், முகத்தின் லட்சணத்தால் அல்ல. நீங்கள் குறை என்று பார்ப்பதை நான் அடக்கம் என்று பார்க்கிறேன்.

15 பிப்ரவரி 2021

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வேகமும் ஒரு காரணம். மாதப் பத்திரிகையில் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. கை தனக்குப் பழகிய மூக்கைத் தானாகவே போட்டுவிடும், எனக்கும் அப்படி நடக்கிறது. ஆக, எல்லா முகத்தையும் அவர் யோசித்து யோசித்துச் சமமாக்கினார் என்று சாதிக்க மாட்டேன். ஆனாலும் பழக்கத்தால் வந்த அந்த முகம் வேதாளக் கதைக்குப் பொருந்தியது, நன்றாகவே பொருந்தியது.

3 மார்ச் 2021

முகங்கள் ஒரே மாதிரி இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. அம்புலிமாமா ஒரு மொழிப் பத்திரிகை அல்ல. ஜூலை 1947-இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கும்போதே தெலுங்கு, தமிழ் இரண்டு. பிறகு கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று வளர்ந்து பத்துக்கும் மேற்பட்ட மொழிகள். எழுத்து மட்டும் மாறும், படம் ஒன்றே.

இது என்ன சுமை என்று வரைகிறவர்களுக்குத்தான் தெரியும். படத்துக்குள் ஓர் எழுத்துக்கூட வரக் கூடாது. கடைப் பலகை காலி, ஓலைச்சுவடி காலி. ஒரே பத்தி தமிழில் நீளும், இன்னொரு மொழியில் சுருங்கும், அதற்குத் தகுந்தபடி படத்தின் இடத்தை முன்பே அளந்திருக்க வேண்டும். அப்புறம் வேட்டி கட்டு. தஞ்சாவூர்க் கட்டாகப் போட்டால் குஜராத்திக் குழந்தைக்கு அந்நியம். வங்காளக் கட்டாகப் போட்டால் நமக்கு அந்நியம். ஓட்டு வீடு, திண்ணை, கிணறு, மாட்டுவண்டி என்று எல்லோருக்கும் தன் ஊராகத் தெரியும் ஓர் ஊரை அந்த ஓவியர்கள் சேர்ந்து கட்டினார்கள். சங்கர் மட்டுமல்ல. அவருக்கு முன்பே அங்கே இருந்த சித்ரா, அட்டைப்படங்களில் கொடிகட்டிப் பறந்த வட்டாதி பாப்பையா, எம். டி. வி. ஆச்சார்யா எல்லோரும். எழுத்தாளர் தாசரி சுப்பிரமணியத்தின் சாகசத் தொடர்களுக்குச் சித்ரா வரைந்த பூதங்களையும் ராட்சதப் பறவைகளையும் பற்றித் தனியாகவே ஒரு விவாத இழை தொடங்கலாம். யாராவது தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

என் தெருவில் நான் பார்த்த வீடுகள் எதுவும் அந்தப் படங்களில் இருந்த வீடு மாதிரி இல்லை. ஆனாலும் சிறுவயதில் அது எங்கள் பாட்டி ஊர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

21 மார்ச் 2021

பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகள் முன்னால் வரைந்து காட்டும் வழக்கம் எனக்கு உண்டு. கொரோனா தொற்றுக்கு முன்பு ஒரு வகுப்பில் வேதாளத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து, அதுக்குக் குளிராதா என்று கேட்டாள். சட்டையில்லாமல் மரத்தில் தொங்குகிறதல்லவா. இன்னொருவன் உடனே, அதான் ராஜா தூக்கிட்டுப் போறாரு, வீட்டுக்கு என்றான். வகுப்பே ஒத்துக்கொண்டது. அன்றைக்கு யாரும் பயப்படவில்லை. எனக்கோ அந்த விளக்கம் இன்றுவரை பிடித்திருக்கிறது.

18 ஏப்ரல் 2021

ஒரு வாசகி தனிச்செய்தியில் கேட்டது: ராட்சதன் எப்போதும் கறுப்பு, இளவரசி எப்போதும் வெளுப்பு, இதைப் பற்றி ஏன் நீங்கள் எழுதவில்லை?

நியாயமான கேள்வி. அம்புலிமாமாவில் மட்டுமில்லை, அந்தக் காலக் காலண்டர் படம், சினிமா விளம்பரம், பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஊர் என்று மேலே எழுதினேன். அந்த ஊரில் கறுத்த குழந்தை தன்னை எங்கே தேடும் என்று கேட்டால் எனக்குப் பதில் வலிக்கிறது. வேலைக்காரி, வேடன், பூதம், இவர்களில்தான் தேட வேண்டியிருந்தது. நான் கறுப்பு. பள்ளி நாடகத்தில் எனக்கு எந்த வேஷம் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

சங்கரின் கையை நான் எவ்வளவு மதிக்கிறேனோ அவ்வளவுக்கு இதையும் சொல்லியாக வேண்டும். என் புத்தகங்களில் கதாநாயகிக்கு என் அக்காவின் நிறத்தைக் கொடுக்கிறேன். ஒரு பதிப்பாளர் கொஞ்சம் பிரைட் பண்ணிடுங்களேன் என்றார். மறுத்தேன். அந்தப் புத்தகம் வேறு ஓவியருக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறுத்ததில் இல்லை.

மாற்றம் வந்திருக்கிறது என்பதும் உண்மை. சென்னையிலேயே தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் வந்தபின் குழந்தைப் புத்தகத்தில் முகங்கள் பலவாகிவிட்டன. தாராவின் மரங்கள் பற்றிய புத்தகத்தில் கோண்ட் பழங்குடி ஓவியர்கள் மூவர், பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி, தங்கள் மரபிலேயே வரைந்தார்கள். கறுப்புத் தாளில் திரை அச்சாகக் கையால் அச்சடிக்கப்பட்ட புத்தகம். அதில் மரமும் மானும் பாம்பும் ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. கையில் எடுத்தால் மசியின் வாசனையே தனி.

9 ஜூன் 2021

கணினி இல்லாத காலத்தில் எப்படி அச்சுக்குப் போயிற்று என்று கேட்ட தம்பிக்கு.

அச்சில் வருவதைவிடப் பெரிதாக வரைவார்கள். சுருக்கும்போது கோட்டின் பிசிறு மறையும், ஆனால் மிக நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மை அப்பிவிடும். எவ்வளவு இடைவெளி விட்டால் சுருங்கியும் பிழைக்கும் என்பது பல வருடப் பழக்கத்தில் வரும் கணக்கு. கறுப்பு இந்தியன் இங்க், நிப்பு, தூரிகை. தப்பினால் மேலே வெள்ளை போஸ்டர் கலர். கோட்டுப் படத்தைப் புகைப்படம் எடுத்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து பிளாக், அதாவது அச்சுக் கட்டை, செய்வார்கள். கோட்டுப் படத்தில் சாம்பல் நிறமே கிடையாது, கறுப்பு அல்லது வெள்ளை. நிழல் வேண்டுமா, கோடு கோடாக இழுத்து உண்டாக்க வேண்டும். பட்டுச் சேலைக்கு ஒரு கோடு, மரப்பட்டைக்கு ஒரு கோடு, தாடிக்கு ஒரு கோடு. பழைய இதழ் கிடைத்தால் முனிவரின் தாடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மணிக்கணக்கில் பார்க்கலாம்.

நான் இப்போது டேப்லெட்டில்தான் வரைகிறேன். அழித்து அழித்துப் போட முடிகிறது. அதில் ஒரு நஷ்டமும் உண்டு. வாடிக்கையாளருக்கும் அது தெரியும். அதனால் நாயைப் பூனையாக்குங்கள், பூனையை மறுபடி நாயாக்குங்கள் என்று கடைசி நாள்வரை வந்துகொண்டே இருக்கும், அதற்குத் தனிக் கூலி கிடையாது. பிளாக் செய்த பிறகு யாரும் நாயைப் பூனையாக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

14 நவம்பர் 2021

இந்த மாதம் பத்ம விருதுகளை வழங்கிவிட்டார்கள். இரண்டு ஆண்டு முந்தியிருந்தால் அவரே கையில் வாங்கியிருப்பார். இதை எழுதும்போது கோபம் வருகிறது. 60 ஆண்டு வேலை கண் முன்னால் இருந்தது, அவரும் 90 தாண்டி நம் ஊரிலேயே இருந்தார்.

அவர் படங்களின் உரிமை யாருக்கு என்று வாசகர்களுக்குள் விவாதம் சூடாகப் போகிறது. சம்பளத்துக்கு வரைந்தால் எல்லாம் முதலாளிக்கே என்று அடித்துச் சொல்கிறார் ஒருவர். சட்டம் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு: பத்திரிகையில் சம்பளத்தில் இருப்பவர் அந்தப் பத்திரிகைக்காக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு. மற்ற விதங்களில் முதல் உரிமையாளர் வரைந்தவர்தான். சங்கரின் ஒப்பந்தம் நம் கையில் இல்லாமல் அவர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. ஆனால் இங்கே வரைகிற பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன்.

வேலையில் இல்லாமல் வெளியிலிருந்து புத்தகத்துக்கு வரைந்தால் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு வரையும் ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகலாம். உங்களிடம் இருக்கும் உரிமை எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் போகும், அது 19-ஆம் பிரிவு. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை விற்ற பிறகும் இது நான் வரைந்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களை விட்டுப் போகாது, 57-ஆம் பிரிவு.

என் படங்களை ஒரு பதிப்பகம் வேறொரு மொழியில் போட்டது, என்னிடம் கேட்கவில்லை, பெயரும் போடவில்லை. புத்தகச் சந்தையில் தற்செயலாகக் கையில் எடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒப்பந்தத்தில் தமிழ்ப் பதிப்பு என்று மட்டும் இருந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டிய பிறகு பணம் வந்தது. பெயர் அடுத்த அச்சில் வந்தது, அட்டையில் இல்லை, உள்ளே பொடி எழுத்தில்.

20 நவம்பர் 2021

உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட ஓவியர் யாராவது நன்றாக இருந்திருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தின் பீட்ரிக்ஸ் பாட்டர். பதிப்பாளர்கள் மறுத்ததால் பீட்டர் ராபிட் என்ற முயலின் கதையை 1901-இல் தன் செலவில் 250 பிரதி அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஒரு பதிப்பகம் வண்ணத்தில் போட்டது. 1903-இல் அந்த முயலைப் பொம்மையாகச் செய்து தானே பதிவுசெய்தார். புத்தகம் குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில் இருக்க வேண்டும் என்பதிலும் பிடிவாதம். சம்பாதித்ததில் பண்ணை வாங்கினார். 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்தார்.

சங்கரின் நிலைமை வேறு என்பதையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் குடும்பத்தைக் காத்தது, 60 ஆண்டு நிம்மதியாக வரையவிட்டது. இன்றைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் எங்களில் பலருக்கு அந்த நிம்மதி இல்லை. மூன்று மாதம் வேலை வராவிட்டால் கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் வரைகிறோம். நிலையான சம்பளம் கொடுத்து ஓவியர்களை வைத்துக்கொண்ட ஒரு குழந்தைப் பத்திரிகை இந்த ஊரில் இருந்தது என்பதையே நினைத்துப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது.

12 மார்ச் 2022

கைவேலையா கலையா என்று முதலில் கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். அண்ணன் வீட்டுப் பரணில் 1960களின் அம்புலிமாமா பைண்டு வால்யூம்கள் கிடைத்தனவாம். வேதாளக் கதைகளின் உள்பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். இரண்டு பக்கத்தின் புகைப்படம் போட்டிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி.

ஐயா, இரண்டாவது படத்தில் வணிகன் வீட்டுத் தூணுக்குப் பின்னால் நிற்கும் கிழவியைப் பாருங்கள். உங்கள் படத்தில் தெரிகிற கதைப் பகுதியில் அவள் பேச்சே இல்லை. ஓவியர் தானாக வைத்தது. கை முந்தானையில், காது பேச்சில். வீட்டில் ரகசியம் பேசினால் யாராவது கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வால்யூம்களைப் பற்றி: கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். வெயிலில் காயவைக்க வேண்டாம், வண்ணம் போகும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். படுக்கைவாட்டில் அடுக்கிப் பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள், காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அடிக்கடி பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கையெழுத்து இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதம், வருடம், பக்கம், ஓவியர், இந்த நாலும் போதும். நீங்கள் அனுப்பினால் நான் என்னிடம் இருப்பவற்றோடு சேர்த்து இங்கேயே போடுகிறேன்.